மலைப் பிள்ளைகளும் நமது கடமையும்

கோடைகாலம் வந்துவிட்டால் ஏற்காட்டைப் பற்றி நம் நாட்டுப் பத்திரிகைகள் எழுதாத விஷயம் கிடையாது. ஏரியில் படகு விடுவதைப் பற்றியும், மலர்க் கண்காட்சியைப் பற்றியும், சேலத்திலிருந்து ஏறும் ரோட்டிலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும், காப்பித் தோட்டத்துக் குளிர்காற்றைப் பற்றியும் பத்தி பத்தியாக வெளிவரும். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா என்றால், குகைக்குள் இருக்கும் சாமியைப் பார்க்க எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்பதுகூடக் கணக்கோடு அச்சாகிவிடும். ஆனால் அந்த மலைமீதுள்ள 67 ஊர்களில் இந்த வருஷத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எட்டுமுன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள், நின்றவர்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளைக் காணோம். குகையில் இருக்கும் கல்லுக்கு உள்ள கணக்கு, குடிசையில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. சாமி கும்பிடுகிறவர்களின் மனத்தைப் புண்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எதற்குக் கணக்கு வைக்கின்றோமோ அதன்மேல்தான் நமக்கு அக்கறை என்பதற்காகவே சொல்லுகின்றோம்.

இம்மலையில் வாழ்கின்றவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாளி என்றவுடன் மலையாள தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று சேலத்தில் இருக்கின்றவர்களே நினைத்துக் கொள்வதுண்டு. அது தப்பு. மலையை ஆளுகின்றவர்கள் என்ற அர்த்தத்தில் ஏற்பட்ட பெயர் அது. அவர்கள் பேசுவது நம்முடைய தமிழேதான். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது ஆகிய மலைகளில் பரவியிருக்கும் இவர்கள், 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி 3,57,980 பேர். தமிழ்நாட்டிலுள்ள பழங்குடி மக்கள் மொத்தமே 7,94,697 பேர்தான். எனவே நம் நாட்டுப் பழங்குடியினரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இந்த ஒரு சமூகத்தார் என்று ஆகிறது. அதே கணக்கில், தமிழ்நாட்டு ஜனங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர் என்றும், பழங்குடியினரில் 54 பேர் என்றும் கண்டிருக்கின்றது. ஆண்களை மட்டும் எடுத்துக் கொண்டால் நாட்டில் நூற்றுக்கு 86க்கு மேல். பழங்குடியினரில் 61க்கு மேல். கடல் மட்டத்துக்குமேல் இம்மலையின் உயரம் சுமார் ஐயாயிரம் அடி என்று பூகோளப் புத்தகம் சொல்லுகிறது. இந்த இருபத்தைந்து தலைகளின் பள்ளத்தை எந்தப் புத்தகமும் சொல்லுவதில்லை.

இவர்களைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்களாம். ஆதியில் தாங்கள் வேளாளர்கள் என்பது அவர்களுடைய பெருமை. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்ற பட்டமும் போட்டுக் கொள்ளுகின்றார்கள். 1929ஆம் வருஷம் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டிலேயே ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தாயிற்று. அப்பொழுது அதைக் கேலி செய்தவர்கள் பலர். இந்தப் பட்டம் மலைப் பிள்ளையை எந்த ஆபீஸ் வாசலில் நிறுத்தி வைத்திருக்கின்றது என்பதைப் பின்னால் சொல்லுகின்றோம்.

இப்பொழுது, மலை நமக்குக் கொடுத்தது என்ன, நாம் மலைக்குக் கொடுத்தது என்ன என்று பார்ப்போம். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து மலையின் பெரும்பகுதி தோட்டமாயிற்று. துரைமார் போனார்கள், நம்மவர் முதலாளிகளானார்கள்; மலையாளி அன்றும் இன்றும் காப்பிப் பழம் பறிக்கின்ற கூலியாகவே இருக்கின்றார். பிறகு மண்ணுக்கு மதிப்பு வந்தது. இம்மலையின் பாக்ஸைட் மண்ணை வெட்டிக் கொண்டுபோய் மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் ஆக்கினார்கள். காப்பி இறங்கிற்று, மிளகு இறங்கிற்று, மண்ணும் லாரி லாரியாக இறங்கிற்று. நல்ல பள்ளிக்கூடம் ஏறவில்லையா என்றால், ஏறத்தான் ஏறிற்று. 1917இல் ஏற்பட்ட மான்ட்போர்ட் பள்ளிக்கூடத்துக்கு எங்கெங்கிருந்தோ பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வந்து படித்துப் பெரிய உத்தியோகங்களுக்குப் போயிருக்கின்றார்கள். அவர்கள் படிப்பதில் நமக்குப் பொறாமை இல்லை. ஏற்காட்டுக் காற்று படிப்புக்கு உகந்தது என்று மெட்ராசிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுகின்றார்களே, அதே காற்றை மூச்சாக விட்டுப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் அது ஏன் உகக்கவில்லை என்பதே நம் கேள்வி.

இதற்குச் சமவெளியில் தயாராக ஒரு பதில் வைத்திருக்கின்றார்கள். "அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை, மலையை விட்டு வரமாட்டார்கள், அது அவர்கள் சுபாவம்" என்பதுதான் அது. இந்தப் பதிலை நாம் எங்கேயோ முன்பே கேட்டிருக்கின்றோம் அல்லவா? நம் பாட்டன்மாரைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்கள். உழுகிறவனுக்குப் படிப்பு ஏறாது, மூளை ஒரு கூட்டத்துக்கு மட்டுமே சொந்தம் என்று சொன்னார்கள். அதை நம்பி நாம் உட்கார்ந்திருந்தால் இன்று இந்தப் பத்திரிகையைப் படிக்க உங்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்திருக்கும்? நமக்குச் சொன்னபோது கோபம் வந்த அதே பேச்சை, இன்று நாமே மலையாளியைப் பார்த்துக் கூசாமல் சொல்லுகின்றோம்.

சென்ற மாசி மாதத்தில் நாம் சில நண்பர்களுடன் மலைக்குப் போயிருந்தோம். ஓர் ஊரில் டீக்கடைப் பக்கம் நின்றிருந்த ஒரு பெரியவர் நம்மைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "கும்பிடறேன் சாமி" என்றார். நாம் சாமியுமல்ல, துண்டு தோளிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"மகன் எங்கே இருக்கின்றான், பெரியவரே?" என்று கேட்டோம்.

"ரிக்கு லாரியில வடக்க போயிருக்கானுங்க. எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாதுங்க, சாமி."

"படிக்க வைக்கவில்லையா?"

"பத்து பாஸ் பண்ணுனானுங்க. ஐ.டி.ஐ.யில சேக்கலாம்னு போனா சாதி சர்ட்டிபிகேட்டு கேட்டாங்க. நாலு தடவை கீழ எறங்கிப் போனோமுங்க. ஒரு தடவை உன்ற அப்பன் சர்ட்டிபிகேட்டு கொண்டான்னாங்க. எங்கப்பன் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிச்சதில்லீங்களே, எங்க போறது? கடைசியில போனா, பழைய ஆபீசர் மாத்தலாயிட்டாரு, புதுசா எழுதிக் குடுன்னுட்டாங்க. ஒரு நடைக்கு ரெண்டு நாள் கூலி போயிருதுங்க. அதுக்குள்ள சேக்கற தேதியும் போயிருச்சு. அவன் தலையெழுத்து அவ்வளவுதானுங்க."

அவரைத் தேற்ற நமக்கு வார்த்தை வரவில்லை. தோழர்களே, அது தலையில் எழுதின எழுத்தல்ல. ஆபீசில் எழுதாமல் விட்ட எழுத்து. அந்த ஒரு காகிதத்தை எழுதிக் கொடுக்காததால் ஒரு பையன் பெயர் தெரியாத ஊரில் பாறைத் தூசியைக் குடித்துக் கொண்டிருக்கின்றான். ஆபீசின் குற்றத்தைத் தகப்பன் பிரமாவின்மேல் போடுகின்றார். பிரமாவும் ஏற்றுக் கொள்ளுகின்றார், அவர்தான் இல்லையே!

இந்தச் சான்று விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழங்குடியினர் என்பதற்கான சான்றிதழைத் தமிழ்நாட்டில் முன்பு தாசில்தாரே கொடுத்து வந்தார். 1989ஆம் வருஷம் நவம்பர் மாதத்திலிருந்து அந்த அதிகாரம் கோட்டாட்சியரிடம் போயிற்று. 1994இல் சுப்ரீம் கோர்ட்டும் பொய்ச் சான்றுகளைப் பிடிக்க விசாரணைக் கமிட்டிகள் வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிற்று. இவ்வளவு கட்டுப்பாடு ஏன் வந்தது? சமவெளியில் வேறு ஜாதியில் பிறந்தவர்கள் மலை ஜாதிப் பெயரில் பொய்ச் சான்று வாங்கி உத்தியோகங்களில் போய் உட்கார்ந்ததனால் வந்தது. அதைத் தடுக்க வேண்டியது நியாயமே. ஆனால் திருடன் எங்கேயோ போய்விட, வீட்டுக்காரனைக் கட்டி வைத்து விசாரிக்கின்ற கதையாக ஆகிவிட்டது. பொய்ச் சான்று வாங்குகின்றவனுக்கு வக்கீல் உண்டு, பணம் உண்டு, ஆபீஸ் நடை தெரியும். உண்மையான மலையாளிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவனுடைய பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன், "நீ சமவெளிக் கவுண்டனா, மலைக் கவுண்டனா?" என்று சந்தேகம் வேறு கிளம்புகின்றது. காஞ்சிபுரத்துப் பெருமை பேரப்பிள்ளையின் படிப்பைத் தின்றுவிட்டது. தகப்பனிடம் சான்று இருந்தால்தான் மகனுக்குச் சுலபம் என்பதற்கு, தகப்பன் படிக்காத குற்றத்துக்கு மகனுக்குத் தண்டனை என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா?

வகுப்புவாரி உரிமைக்காக நம் பெரியோர் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவார்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து நூற்றுக்குப் பதினெட்டு என்று இருந்ததைப் பிரித்து, பழங்குடியினருக்கென்று தனியாக நூற்றுக்கு ஒன்று என்று 1990இல் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. வைத்தியப் படிப்பில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2020இல் சட்டமாயிற்று. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் கையில் சான்று இல்லாதவனுக்கு நூற்றுக்கு ஒன்று கொடுத்தாலும் சரி, நூறும் கொடுத்தாலும் சரி, பலன் ஒன்றுதான். சட்டசபையிலேயும் ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு, மற்றது சேந்தமங்கலம். ஓட்டுக் கேட்பதற்கு எல்லாக் கட்சிக்காரரும் இருபது வளைவையும் ஏறித்தான் வருகின்றார்கள். சான்று கொடுப்பதற்கு மாத்திரம் மலை உயரமாகப் போய்விடுகின்றது!

அமெரிக்கா தேசத்தில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். அங்கே கருப்பு நிறப் பிள்ளைகளும் பழுப்பு நிறப் பிள்ளைகளும் படிப்பில் பின்தங்குவதும், சிறைக்குப் போவதும், துப்பாக்கிக்கு இரையாவதும் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. 2012இல் புளோரிடா மாகாணத்தில் பதினேழு வயதுக் கருப்புப் பையன் ஒருவன் கையில் ஆயுதமின்றி நடந்து போகையில் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தக் கிளர்ச்சிக்குப் பின், 2014 பிப்ரவரியில், அப்பொழுது ஜனாதிபதியாயிருந்த ஒபாமா இப்பிள்ளைகளுக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். "என் சகோதரனுக்குக் காவலன்" என்பது போன்ற ஒரு பெயரை அதற்கு வைத்தார். தம்பியைக் கொன்றுவிட்டுப் பொறுப்பைத் தட்டிக் கழித்த அண்ணனைப் பற்றிய ஒரு வேதக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. கதையை நாம் நம்பவேண்டிய அவசியமில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்ளலாம்.

அத்திட்டத்தில் நமக்குப் பிடித்தது பணமல்ல, வழி. பையன் பள்ளியில் சேருகிறபோது அதற்குத் தயாராக இருக்கிறானா, மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசிக்கிறானா, பள்ளிப் படிப்பை முடிக்கிறானா, அதற்குமேல் படிப்போ தொழிற்பயிற்சியோ பெறுகிறானா, வேலை கிடைக்கிறதா, கொலைக்கும் குற்றத்துக்கும் இரையாகாமல் தப்புகிறானா என்று படி படியாகப் பார்த்து, எந்தப் படியில் விழுகின்றானோ அந்தப் படியில் ஊரார் போய் நிற்கவேண்டும் என்பது அந்த வழி. சர்க்கார் மாத்திரம் செய்துவிட முடியாது என்று ஊர்களுக்கே அறைகூவல் விட்டதில், ஏறக்குறைய 250 ஊர்கள் அதை ஏற்றுக் கொண்டன. அங்கேயாவது தோலின் நிறம் வேறு என்று ஒரு சாக்குச் சொல்லலாம். இங்கே மலையில் இருக்கின்றவனும் கருப்பு, கீழே இருக்கின்றவனும் கருப்பு. நிறம் ஒன்று, பாஷை ஒன்று, இருந்தும் "மலையான்" என்று கூப்பிட்டு ஒதுக்கக் கற்றுக் கொண்டிருக்கின்றோம்.

அந்தப் படிக் கணக்கை நம் மலைக்குப் போட்டுப் பார்த்தால், முதற்படி பசி. அதற்கு நம் நாட்டில் ஓரளவு பரிகாரம் உண்டு. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் நீதிக்கட்சியார் நகரசபைப் பள்ளியில் பகலுணவு போட்டதும், 1956இல் காமராஜர் அதைப் பெரிதாக்கியதும், 2022 செப்டம்பரில் 1,545 சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி தொடங்கியதும், அடுத்த வருஷமே அது எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்ததும் நாம் அறிந்ததே. வயிறு நிறைந்த பிள்ளை வகுப்பில் உட்காருகின்றது என்பதற்கு இனிமேல் ருஜு வேண்டியதில்லை.

இரண்டாவது படி அறுவடை. கார்த்திகையிலிருந்து மாசி வரை காப்பிப் பழம் பறிக்கின்ற காலம். தாயும் தகப்பனும் விடியுமுன் தோட்டத்துக்குப் போனால், பெரிய பையன் தம்பி தங்கைகளைப் பார்த்துக் கொள்ளவேண்டும், அல்லது கூடவே பழம் பொறுக்கப் போகவேண்டும். அரைப் பரீட்சை வருகிறபோது அவன் பெயர் ஆஜர்ப் புஸ்தகத்தில் இருக்கும், அவன் இருக்கமாட்டான். சேலத்தில் வக்கீலாயிருந்த ஆச்சாரியார் 1953இல் முதல் மந்திரியாக இருந்து ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அரைநாள் பள்ளிக்கூடம், பாக்கி நேரம் அப்பன் தொழில் என்பது அதன் சாரம். குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்து, 1954இல் காமராஜர் வந்தவுடன் அது ஒழிந்தது. ஒழிந்தது என்று நாம் விழாக் கொண்டாடுகின்றோம். ஆனால், தோழர்களே, மலைமேல் அது ஒழியவே இல்லை. அங்கே உத்தரவு போட வேண்டிய அவசியமில்லாமலேயே நடந்து வருகின்றது. போதாக்குறைக்கு, குழந்தைத் தொழில் தடைச் சட்டத்தை 2016இல் திருத்தி, பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று டில்லியில் விதிவிலக்கும் எழுதி வைத்துவிட்டார்கள். குடும்பத் தொழில் எது, கூலித் தொழில் எது என்று பழக்கூடையைப் பார்த்து யார் கண்டுபிடிப்பது?

மூன்றாவது படிதான் நாம் முன்னே சொன்ன பத்தாவது வகுப்பும் சான்றும். அந்தப் படியில் விழுகின்ற பையன் எங்கே போகின்றான்? சிலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும், சிலர் கேரளத் தோட்டங்களுக்கும், சிலர் ரிக்கு லாரிக்கும் போகின்றார்கள். இவர்கள் அதிருஷ்டசாலிகள் என்றே சொல்லவேண்டும். வேறு சிலரை ஏஜெண்டு வந்து கூப்பிடுகின்றான். மரம் வெட்டுகின்ற வேலை, நாலு நாளில் மாதச் சம்பளம், போகவர வண்டி என்கின்றான். என்ன மரம் என்று சொல்லுவதில்லை.

2015ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 7ந் தேதி, திருப்பதிக்குப் பக்கத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் தமிழ்நாட்டார். திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லா மலையூர்களைச் சேர்ந்த மலையாளிகள் அவர்களில் பலர். சேலம் ஜில்லாவின் கிழக்குக் கோடியில் கல்வராயன் மலை இருக்கின்றது. அங்கே கருமந்துறை என்ற ஊர். ஏற்காட்டில் இருப்பவர்களும் கருமந்துறையில் இருப்பவர்களும் ஒரே ஜனம். 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. அந்த ஐந்து பேரும் கருமந்துறைப் பக்கத்து மலையூர்க்காரர்கள். செம்மரத்துக்குப் போனவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மரத்தை விற்றுக் கோடிக்கணக்கில் சேர்த்தவன் பெயர் ஒருநாளும் அந்தச் செய்திகளில் வரவில்லை. வெட்டப் போனவனின் வயதும் ஊரும் மட்டுமே வந்தன. செம்மரத்தைத் திருடுவது குற்றமே. அதை நாம் ஆதரிக்கவில்லை. குற்றத்துக்குக் கொலைதான் தண்டனை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கின்றது என்றும், அந்த ஏஜெண்டு கூப்பிடுமுன் அப்பிள்ளைகளை வேறு யாராவது ஒருவர் எதற்காகவாவது கூப்பிட்டிருக்கின்றோமா என்றும்தான் கேட்கின்றோம்.

அதே கருமந்துறையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அங்குள்ள சர்க்கார் பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியில் படித்த மலையாளிப் பெண் ஒருவர், தகப்பனை இழந்த பிள்ளை, 2025இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். அதற்கு முந்தின வருஷம் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஒருவர், பிரசவமாகி இரண்டொரு நாளில் பரீட்சை எழுதி, சிவில் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். நாட்டமில்லை, சுபாவம் என்றார்களே, அவர்கள் இதற்கு என்ன சொல்லுகின்றார்கள்? ஏரியில் மிதந்த ஐந்து பேரின் மண்டையிலும் இதே மூளைதான் இருந்திருக்கும். ஒரே மலை, ஒரே ஜாதி, ஒரே கூழ். ஒருவருக்குப் படி கிடைத்தது, மற்றவருக்கு ஏஜெண்டு கிடைத்தான்.

இங்கே நம் தோழர்கள் சிலர் ஒரு ஆட்சேபம் சொல்லக்கூடும். "பெண்களே அதிகம் அடிமைப்பட்டவர்கள், 2011 கணக்கில் பழங்குடிப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவர் நூற்றுக்கு 47 பேர்கூட இல்லை, அப்படியிருக்க நீங்கள் ஆண்பிள்ளைகளுக்குப் பரிந்து எழுதுவதேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெண்களுக்குச் செய்வதில் ஒரு காசு குறைத்து ஆணுக்குக் கொடு என்று சொல்ல நாம் ஒருநாளும் சம்மதியோம். ஆனால் இன்றைய நிலைமையில் ஒரு விசித்திரம் இருக்கின்றது. தமிழ்நாட்டில் ஒன்பது, பத்தாவது வகுப்புகளில் பள்ளியை விட்டு நிற்கின்றவர்களில் பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளே அதிகம் என்று சர்க்கார் கணக்குகளே காட்டி வருகின்றன. காரணம் கடினமானதல்ல. பதினாலு வயதுப் பையனுக்குச் சந்தையில் கூலி விலை உண்டு. தகப்பன் நோயாய்ப் படுத்தால் முதலில் நிற்பது மகன் படிப்புத்தான். ஆண்பிள்ளை எப்படியாவது பிழைத்துக் கொள்ளுவான் என்று எல்லோரும் எண்ணுவதால் அவனை யாரும் பார்ப்பதில்லை. அன்றியும், படித்த பெண்ணும் படிக்காத ஆணுமாக ஒரு ஊர் வளர்ந்தால், நாளைக்கு அந்தப் பெண்ணின் சம்பளத்தையும் சுதந்திரத்தையும் பறிப்பதற்கு அந்த ஆணே முதலில் கையை நீட்டுவான். ஆகவே இதுவும் பெண் விடுதலையைச் சேர்ந்த வேலையேயாகும். சர்க்காரும் இதைக் கொஞ்சம் கண்டுகொண்டிருப்பதாகவே தெரிகின்றது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022இல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியபின், 2024 ஆகஸ்டு 9ந் தேதி ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதேபோல ஒன்றைத் தொடங்கினார்கள். ஆனால் அது கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு. வாசலுக்கு வருமுன் மூன்று படிகளில் விழுந்தவனுக்கு அந்த ஆயிரம் எட்டாது.

ஊரார் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தருமபுரி ஜில்லா அரூர்த் தாலூகாவில் கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவே சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கின்றது. அங்கேயும் பெரும்பாலோர் மலையாளிகளே. 1993இல் ஒரு டாக்டர் தம்பதியர் அங்கே போய் வைத்தியசாலை வைத்தார்கள். முதலில் ஒரு குடிசைதான். வெளியிலிருந்து நர்சுகளை இறக்குமதி செய்யாமல், அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரியை நடத்தினார்கள். பிறகு கட்டடக் கலை படித்த இன்னொரு தம்பதியர் அங்கே துளிர் என்று ஒரு கல்வி நிலையம் தொடங்கினார்கள். பள்ளியில் தோற்றவர்கள், நின்றுவிட்டவர்கள் என்று உலகம் கைவிட்ட பையன்களுக்கு அங்கே கணக்கும் எழுத்தும் மாத்திரமல்ல, மின்சார வேலை, கட்டட வேலை முதலியவையும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பன் தொழிலைக் கற்பிப்பதல்ல அது. அப்பனுக்குத் தெரியாத தொழிலைக் கற்பிப்பது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். அவர்கள் கடவுள் பெயரால் செய்தார்களா, இல்லையா என்பது நமக்கு அக்கறையில்லை. போய் உட்கார்ந்தார்கள், வருஷக்கணக்காக இருந்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

நம்மவர்கள் என்ன செய்திருக்கின்றோம்? 1944இல் சேலம் மகாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று என்று சேலத்துத் தோழர்கள் பெருமை சொல்லுவார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த ஊரிலிருந்து வடக்கே திரும்பிப் பார்த்தால் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தெரிவது இந்த மலை. எண்பது வருஷமாகத் தெரிந்துகொண்டே இருக்கின்றது. நாம் அங்கே போயிருக்கின்றோம். எதற்கென்றால், கோடைக்குப் பலாப்பழமும் ஆரஞ்சும் வாங்கிவர. இது சேலத்தாரை மட்டும் குற்றம் சொல்லுவதல்ல. அச்சாபீசில் உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்த நம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பெரிய கட்டடம் வேண்டாம், வசூல் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். பள்ளிக்கூடங்கள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு தோழர்கள் பஸ் ஏறி மலைக்குப் போகட்டும். ஊருக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்து, ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற ஒவ்வொரு பையன் பெயரும், பெண் பெயரும், சான்று இருக்கிறதா இல்லையா என்பதும் எழுதட்டும். வக்கீல் தோழர்கள் விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து, அதே ஆபீசுக்கு அந்தத் தகப்பனாருடன் கூடப் போய் நிற்கட்டும். தனியாக வந்த மலையாளியை நாளை வா என்று சொல்லுகின்ற வாய், பக்கத்தில் கருப்புக் கோட்டு நின்றால் இன்றைக்கே திறக்கும் என்பது நம் அனுபவம். சான்று முகாமை மலைமேலேயே வருஷத்துக்கு இரண்டு முறை நடத்த வேண்டுமென்று கலெக்டருக்கு எழுதட்டும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவே இருக்க வேண்டும். மலையில் அந்தப் பெற்றோர் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிடுகின்றார்கள். ஆசிரியர் வராத நாளைக் கேட்கவும், அறுவடை மாதங்களில் மாலைப் பாடம் வைக்கச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருக்கின்றது என்பதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லுகின்றவர் அவர்களை நிற்க வைத்துக்கொண்டு சொல்லக்கூடாது. தோட்ட முதலாளிகளில் நம் இயக்கத்தில் அபிமானமுள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்கள் தங்கள் தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளையின் கையில் கூடையைக் கொடுப்பதில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு நம் கூட்டங்களுக்குத் தலைமை வகிக்க வரட்டும்.

மலையில் நாம் பார்த்த அந்தப் பெரியவருக்கு இன்னொரு மகன் இருக்கின்றான். எட்டாவது படிக்கின்றான். நோட்டில் முதல் பெயராக அவன் பெயரை நாமே எழுதிக் கொண்டு வந்திருக்கின்றோம். சேலம், ஆத்தூர், ஓமலூர்த் தோழர்களில் எந்தெந்த ஞாயிறு யார் யார் புறப்படுகின்றார்கள் என்பதை வைகாசிக்குள் நமக்குக் கார்டு எழுதினால், பெயர்களை அடுத்தடுத்த இதழ்களில் பிரசுரிக்கின்றோம். எத்தனை சான்று வாங்கினார்கள் என்பதையும் அதே பக்கத்தில் பிரசுரிப்போம்.